குட்டி பறக்கும் வரை

என் மனைவி வௌவால்களை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் முகம் சுளிப்பார்கள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் என்னோடு ஷிப்ட் பார்ப்பவர்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள். நானும் கல்யாணமான புதிதில் செய்தவன்தான். நான் ஆந்திர எல்லையில், நகரியில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறேன். அவளுக்குத் திருத்தணிப் பக்கம். புத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். காலையில் நான் கம்பெனி பஸ் பிடித்துக் கிழக்கே போவேன், அவள் திருப்பதி பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது.

வௌவால் பறவையில்லை, நம்மைப்போல் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜீவன் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் அதன் இறக்கை ஒரு கை என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கரண்ட் போயிருந்தபோது மகளின் கையைப் பிடித்து எமர்ஜென்சி லைட்டுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். சுவரில் பெரிய நிழல் விழுந்தது.

“வவுத்துல இருக்கும்போது நம்ம எல்லாருக்கும் விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கும். பொறக்கறதுக்கு முன்னாடியே அது கரைஞ்சி பூடும். வௌவாலுக்கு அது கரையாது. விரல் மட்டும் நீண்டுக்கினே போவும். கட்டைவிரல் சின்னதாவே நின்னுடும், அது தொத்திக்க. மத்த நாலு விரலும் குடைக் கம்பி மாதிரி.”

பறவை முன்னங்கையில் இறகு வைத்துக்கொண்டு பறக்கிறதாம். எப்போதோ அழிந்துபோன பறக்கும் ஊர்வன ஒரே ஒரு விரலை நீட்டி, அதில் தோலைக் கட்டிப் பறந்தனவாம். பூச்சியின் இறக்கைக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. இப்படி அவரவர் வழியில் நான்கு கூட்டம்தான் உண்மையாகப் பறக்கக் கற்றன. பறக்கும் அணில் என்று சொல்வது வெறுமனே சறுக்குகிறது என்றாள். பாலூட்டிகளில் பறப்பது வௌவால் மட்டும்தான். ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மரத்தில் ஏறித் தாவிக்கொண்டிருந்த ஏதோ சின்ன ஜீவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கப் பழகி, பிறகு கையை அடிக்கத் தொடங்கியிருக்கலாம். கல்லில் பதிந்து கிடைத்த மிகப் பழைய எலும்புகள்கூட முழு வௌவாலுடையவைதான். பாதி வௌவால் இதுவரை கிடைக்கவில்லை.

“அதனாலதான் நீ குட்டிங்க பின்னாடி சுத்திக்கினு கீறியா?” என்று கேட்டேன்.

“குட்டி கத்துக்கறது வேற, இனம் கத்துக்கினது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஆனா எந்த நாள்ல எலும்பும் தசையும் சேர்ந்து அந்த ஒடம்ப மேல தூக்குதுன்னு பாக்கலாம் இல்ல? அதுவே போதும் எனக்கு.”

அதைப் பார்க்க அவளுக்குக் கிடைத்த இடம் விஜயபுரம் பக்கத்தில் ஒரு பழைய பாசனக் கிணறு. கடலைக்காய்க் கொல்லைக்கு நடுவே, ரோட்டை ஒட்டி. போர் போட்ட பிறகு அந்தக் கிணற்றை யாரும் தொடவில்லை. சுவரில் பதித்த படிக்கற்கள் பாதி ஆழத்தோடு உடைந்துபோயிருந்தன. அதற்கும் கீழே, மண் சரிந்து பாறை தெரிந்த இடத்தில், பக்கவாட்டில் ஒரு குடைவு. அதன் இருட்டில் பழம் தின்னும் வௌவால்கள் தொங்கின. பழுப்பு நிறம், நாய்க்குட்டி முகம். நாக்கைத் தட்டி எழுப்பும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்து இருட்டில் வழி தெரிந்துகொள்ளும் வகை என்று சொல்லியிருக்கிறாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் குடைவின் வாய் மட்டும்தான் தெரியும். பொழுது சாயும்போது மேலே நின்று, வெளியே வருவதைப் படம் எடுத்துக்கொண்டு வருவாள்.

அந்தச் சித்திரையில் ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். கிணற்றுக் கல்லில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். கான்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் பேசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மண் கொட்டி மூடப்போகிறார்கள். தாய்கள் குட்டி போட்டிருக்கும் காலம், குட்டிகள் பறக்க இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். குட்டி இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அவள் பார்த்ததில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னாள்.

“போட்டோ சூபிஞ்சண்டி மேடம், ஆப்புதாம்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம்.”

படம் காட்டினால் நிறுத்துகிறேன் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் கிணற்றுக்குள் இறங்குவது என்று முடிவு செய்தாள். நான் வேண்டாம் என்றேன். சனிக்கிழமை முழுக்க அதே பேச்சு. கடைசியில், “நீங்க வரலன்னா ஊர்ல யாரையாவது கயிறு புடிக்கச் சொல்லிக்கறேன்” என்றாள். அதற்கு மேல் நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பேன்?

ஞாயிறு காலை மகளை நகரியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, பைக்கில் கயிற்றுக் கட்டை வைத்துக்கொண்டு போனோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஜேசிபி முன்பே வந்து, கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. பக்கத்தில் இரண்டு லோடு மண் குவித்திருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் புங்க மரத்தடியில் பைக்கில் சாய்ந்து யாரிடமோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

கிணற்றின் மேல் ஓரத்தில் இரண்டு கல்தூண்கள் இருந்தன. அந்தக் காலத்தில் நீர் இறைத்த தூண்கள். குறுக்கே ஓர் இரும்புக் குழாய். கயிற்றைக் குழாயின் மேல் போட்டு, ஒரு தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை நான் பிடித்துக்கொண்டேன். வால் முனையைத் தூணிலேயே முடிச்சுப் போட்டேன். மறுமுனையில் ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு கட்டை. அவள் இடுப்பில் தனியாக ஒரு சுற்று. கையுறை, முகமூடி எல்லாம் போட்டிருந்தாள். வெறிநாய்க்கடி ஊசியை இந்த வேலைக்காக முன்பே போட்டுக்கொண்டவள்.

“அண்ணே, கொஞ்சம் கை குடுக்கறீங்களா?” என்று டிரைவரைக் கூப்பிட்டேன். எங்கள் தமிழைக் கேட்டதும் இறங்கி வந்தான்.

“எந்த ஊரு சார்?”

“நகரி.”

“நமக்குப் பள்ளிப்பட்டு. இன்னா சார், பொம்பளைய உள்ள எறக்கறீங்க?”

 அவளே சொன்னாள், “நான் கனம் கம்மி அண்ணே. அவர எறக்கனா மேல யாரு இஸ்கறது?”

படிக்கற்கள் இருந்த வரை அவளே இறங்கினாள். கடைசிக் கல்லில் நின்று பலகையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, “விடுங்க” என்றாள். தூணில் கயிறு உரசிக்கொண்டே இறங்கியது. அவள் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது, பிறகு பாறையின் விளிம்பு அவளை மறைத்தது. கயிறு மட்டும் விறைப்பாக நின்றது. அந்த விறைப்பில்தான் என் உயிர் இருந்தது.

“நிறுத்துங்க!”

நிறுத்தினோம். உள்ளேயிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் எழுந்தது. கிணற்று நாற்றமும் பழுத்த கொய்யாவின் வாசமும் கலந்த ஒரு நெடி மேலே வந்தது.

“கீது! குட்டிங்க கீதுங்க! ஒவ்வொண்ணும் வயித்துல ஒட்டிக்கினு கீது!” அவள் குரல் சுவரில் பட்டு இரண்டாகக் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

“படம் எடுத்துக்கினு சீக்கிரம் வா!”

“ஒரு நிமிஷம். வீடியோ எடுக்கறேன்.”

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அவங்க கரெக்டாதான் சொன்னாங்க போல” என்றான். அப்போதுதான் கலைந்த வௌவால்கள் வெளியே வந்தன. பகல் வெளிச்சத்தில் அவற்றை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்று என் முகத்துக்கு நேராக எழும்பி, வெயிலைக் கண்டு திணறியதுபோல் ஒரு கணம் அங்கேயே சிறகடித்தது. இறக்கைத் தோல் வழியாக வெயில் ஊடுருவி நான்கு விரல்களும் கணுக்கணுவாகத் தெரிந்தன. அதன் மார்பில், ரோமமில்லாத ஒரு குட்டி, வாயால் கவ்விக்கொண்டு தொங்கியது. அந்தச் சுமையோடு அது திரும்பிக் கிணற்றுக்குள்ளேயே விழுந்ததுபோல் இறங்கியது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் காது மடலில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்ததுபோல் இருந்தது.

குளவி. உள்சுவரில், எங்களுக்கு நேர் கீழே ஒரு கல்லின் அடியில் கூடு இருந்திருக்கிறது. எங்கள் கண்ணில் படவில்லை. கயிறு உரசி உரசி மண் உதிர்ந்து அதன் மேல் விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது கழுத்தில் கொட்டியது. மூன்றாவது கண்ணுக்குக் கீழே. கையை எடுத்து விரட்ட முடியாது, கையில் கயிறு. உள்ளே அவள் அலறினாள். முதலில் என் பெயரைச் சொல்லி, அப்புறம் வார்த்தையே இல்லாமல்.

“இழுங்கண்ணே!” என்று திரும்பினால் டிரைவர் இல்லை. கொல்லை வரப்பில் ஓடிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசரின் பைக் புழுதி கிளப்பிப் போவதும் தெரிந்தது. நான் தனியாக இழுத்துப் பார்த்தேன். குழாயில் ஒரு உரசல், தூணில் இரண்டு சுற்று. கயிறு ஒரு சாண்கூட மேலே வரவில்லை. சுற்றைப் பிரித்தால் அவள் பாரம் முழுதும் என் கையில் வந்துவிடும்; தாங்குவேனா என்று தெரியாது. பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு உதவாக்கரையாக நான் நின்றதில்லை. வாயை மூடிக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். அவை சட்டைக்குள் புகுந்தன.

எஞ்சின் உறுமியது. கண்ணைத் திறந்தால் ஜேசிபி குவித்த மண்ணைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருகிறது. அவன் ஓடியது வண்டிக்கு. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்த நீளமான கை மடங்கி, நீண்டு, பக்கெட் என் தலைக்கு அருகே வந்து நின்றது. கண்ணாடியில் ஒரு விரல் சந்து திறந்து கத்தினான்.

“சார்! கயித்த பல்லுல மாட்டு! பக்கெட் பல்லுல!”

எனக்குப் புரிந்தது. வலது கையால் தூணோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, இடது கையால் தூணுக்கும் குழாய்க்கும் நடுவே விறைத்து நின்ற கயிற்றில், தூணடியில் மிச்சம் கிடந்த கயிற்றுத் துண்டை இறுக்கிக் கட்டி, அதன் வளையத்தைப் பக்கெட்டின் இரும்புப் பல்லில் மாட்டினேன். அந்த முடிச்சை எப்படிப் போட்டேன் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. “தூக்கு!” என்று கத்தினேன். பக்கெட் மெல்லப் பின்வாங்கி உயர்ந்தது. தூணில் கயிறு தளர்ந்தது. குழாய் கிறீச்சிட்டது. அவள் வந்தாள். சுவரில் ஒருமுறை மோதி, சுழன்று, முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு வந்தாள். விளிம்புக்கு வந்ததும் பின் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டேன். இடுப்புக் கயிற்றை அவிழ்க்க வரவில்லை. அவன் கதவைத் திறந்து ஒரு கத்தியை வீசினான். அறுத்தேன்.

“வண்டில ஏறுங்க! ஏறுங்க!”

ஒருவர் உட்காரும் கேபினில் மூன்று பேர். அவள் என் மடியில், நான் பாதி கியர் பெட்டியின் மேல். கதவைச் சாத்தினான். உள்ளே வந்துவிட்ட நாலைந்து குளவிகளை அவன் துண்டால் கண்ணாடியில் அழுத்தி அழுத்திக் கொன்றான். வெளியே கண்ணாடி மேல் அவை டப்டப்பென்று மோதின. வண்டி கொல்லையை மிதித்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. அவள் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

“பேசு” என்றேன். “எதாவது பேசிக்கினே இரு.”

“தொண்ட... கட்டிக்கினு வருது.”

ஜேசிபி எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு மாட்டு வண்டி எங்களை முந்தியிருக்கும். முதலில் வந்த காரை அவன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறித்தான். உள்ளே திருப்பதிக்குச் சாமி கும்பிடப் போகிற ஒரு குடும்பம். அவள் முகத்தைப் பார்த்ததும் பின் சீட்டில் இருந்த அம்மாவும் பையனும் இறங்கி இடம் விட்டார்கள். அவர்கள் அந்த வெயிலில் எப்படிப் போய்ச் சேர்ந்தார்களோ, யாரென்றுகூட நான் கேட்கவில்லை.

புத்தூரில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவள் உதடும் கண்ணும் வீங்கி அடையாளமே தெரியவில்லை. தொடையில் ஓர் ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் டிரிப். எனக்கும் ஊசி. டாக்டர் அம்மா என்னைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அந்த முடியாத வாக்கியத்தோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விசில் சத்தம் எப்போது நின்றது என்று தெரியாது. நின்றுவிட்டதைத்தான் கவனித்தேன். மூச்சே நின்றுவிட்டதோ என்று பாய்ந்து போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் விழித்தவள் கேட்ட முதல் கேள்வி: “போனு?”

போன் கிணற்றுக்குள். சுவரில் மோதியபோது கைநழுவி விழுந்திருந்தது.

எனக்குள் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். “ஒரு வௌவாலுக்காகச் செத்துப் பூடுவியா? வூட்டுல ஒரு கொழந்த கீறது ஞாபகம் இருந்துதா?”  அவளுடைய வீங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. “நாளைக்கு மூடிடுவாங்க, இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். கோபம் தீரவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த ஒன்றுதான் தெரிந்தது: வெயிலில் விரல்கள் தெரிய, குட்டியோடு திணறிக்கொண்டு நின்றது. டிரைவர் எங்களைக் காரில் ஏற்றிவிடும்போது நம்பர் கொடுத்திருந்தான். போன் போட்டேன்.

“அண்ணே, நீங்களும் எட்டிப் பாத்தீங்க இல்ல? எதுனா கண்ணுல பட்டுதா?”

“பாத்தேன் சார். ஒண்ணு இல்ல, நெறைய. குட்டியோட. சூப்பர்வைசருகிட்ட சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

அவன் சிரித்தான். “அவருக்கு வௌவாலப் பத்திக் கவல இல்ல சார். லேபர்லாம் ரானண்டுன்னாருன்னு ஆபீசுக்குப் போன் பண்ணிக்கினு கீறாரு. குளவி கீற எடத்துக்கு ஒருத்தன் வர மாட்டேன்றான். எனக்கும் முதுவுல நாலு. மொதல்ல அந்தப் பக்கம் வேல பாத்துட்டு, கெணத்த அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

இப்படித்தான் அவளுக்குத் தேவையான வாரங்கள் கிடைத்தன. அவள் கெஞ்சியதாலும் இல்லை, படத்தாலும் இல்லை. நான் வார்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். நல்ல சேதிதான். ஆனாலும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அதைப் பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அப்படித்தான். மகள் எங்கள் இருவர் கையிலும் இருந்த தழும்புகளைத் தொட்டுத் தொட்டு, “நைனாவுக்கு ஜாஸ்தி, அம்மாவுக்குக் கம்மி” என்று விளையாடினாள்.

வைகாசி கடைசியில் டிரைவர் கூப்பிட்டான். மறுநாள் கட்டாயம் மூடியாக வேண்டுமாம். மருந்து அடித்துக் குளவிக் கூட்டையும் எடுத்துவிட்டார்களாம். “நான் சாயந்தரம் மேலதான் வருவேன்னு சொல்லிட்டேன் சார். அதுங்க வெளிய போன பின்னால ஆரம்பிச்சா போதுமா, மேடத்த கேளுங்க.”

அவள் போதும் என்று சொல்லவில்லை. “போதணும்” என்றாள்.

மறுநாள் மகளை நகரியில் விட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் போனோம். கிணற்றுப் பக்கம் நெருங்க எனக்குக் கால் வரவில்லை, வரப்பிலேயே நின்றேன். டிரைவர் லைட்டெல்லாம் அணைத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர். முதல் இரண்டு முறை, “வஸ்துன்னா சார், டீசல் கொட்டிஸ்துன்னா” என்று, வந்துகொண்டிருப்பதாகவும் டீசல் போடுவதாகவும் சாக்குச் சொன்னான். அப்புறம் எடுக்கவில்லை.

வானம் சாம்பலாகிய பிறகு அவை வர ஆரம்பித்தன. முதலில் பெரியவை, சீராக, தயக்கமே இல்லாமல். அவற்றுக்குப் பின்னால் வந்தவை வேறு மாதிரி இருந்தன. நேராக எழ முடியாமல் கிணற்று வாய்க்குள்ளேயே சுற்றின, தாழ்ந்தன, மறுபடி எழுந்தன. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“குட்டிங்க” என்றாள், மூச்சுக்குள்.

ஒன்று கிணற்றைத் தாண்டியது. ஆனால் உயரம் கிடைக்காமல் மண்குவியலில் மோதி, ஜேசிபியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. டிரைவர் பதறி இறங்கினான். “தொடாதீங்க!” என்று அவள் கத்தினாள். அது தரையில் இறக்கையைப் பரப்பிக்கொண்டு அடித்துப் பார்த்தது. எழவில்லை. மறுபடி அடித்தது. புழுதிதான் எழுந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அது அடிப்பதை விட்டுவிட்டு, மடித்த இறக்கைகளை ஊன்றி, தவழ ஆரம்பித்தது. கல்தூணை அடைந்து கட்டைவிரல் நகத்தால் கொக்கி போட்டது, ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.  தூணின் பாதியில் திரும்பித் தலைகீழாகத் தொங்கி, நாங்கள் அது செத்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், கால்களை விட்டுவிட்டு விழுந்தது. தரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தது. அதன் பிறகு அது விழவில்லை. கடலைக் கொல்லையின் மேல் தாழப் பறந்து, இருட்டோடு போனது.

டிரைவர்தான் முதலில் பேசினான். “இன்னும் உள்ள எதுனா கீதா மேடம்?”

அவளுடைய புதுப் போனில் லைட்டும் வீடியோவும் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தோம். குடைவின் பாறையில் கறுத்த கறை, ஈரம், கீழே கொட்டைகள். மூலை வரை தெரியவில்லை. அவள் நாலைந்து தடவை அந்த வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

“ஆரம்பிங்க அண்ணே” என்றாள்.

ஒன்றிரண்டு உள்ளே இருந்தனவா என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது. எப்போதாவது, சம்பந்தமில்லாமல், சமைத்துக்கொண்டிருக்கும்போது, “அந்த மூல தெரியல, இல்ல?” என்பாள்.

வேலை முடிந்து அவன் கிளம்பிய பிறகும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வரும்போது அவை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும் என்றாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. புங்க மரத்தடியில் பைக்கில் சாய்ந்தபடியே கண் அயர்ந்தேன். விடியும் முன் உலுக்கி எழுப்பினாள். வந்திருந்தன. புது மண்ணின் மேல் சுற்றிச் சுற்றி வந்தன. வாயைத் தேடுவதுபோல் தாழ்ந்து இறங்கி, திரும்ப எழுந்தன. கிழக்கே வெளுத்துக்கொண்டே வந்தது. காகங்கள் கிளம்பிவிட்டால் அவற்றைக் கொத்திவிடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று ஒன்று விலகியது. அதன் பின்னால் இரண்டு மூன்று. பிறகு மொத்தமும்.

“வண்டிய எடுங்க!”

பிச்சாட்டூர் ரோட்டில் என் வாழ்நாளில் அப்படி வண்டி ஓட்டியதில்லை. அவள் பின்னால் எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, “லெப்டு... நேரா... நேரா” என்று கத்திக்கொண்டு வந்தாள். ஏரிக்கரை வரை தெரிந்தன. தண்ணீரைத் தாண்டிக் குன்றுப் பக்கம் போனபோது எங்களுக்கு வழியில்லை. கரையில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கடைசிப் புள்ளியும் பாறைகளோடு கலந்துவிட்டது.

“அங்க எங்கனா பாறை இடுக்கு இருக்கும்” என்றாள். “ஏறிப் பாக்கணும்.”

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. கரையோரம் அப்போதுதான் டீக்கடை திறந்துகொண்டிருந்தார்கள்.

“மொதல்ல டீ குடி. அடுத்த ஞாயித்துக்கிழம வரேன். ஆனா மேல நான்தான் மொதல்ல ஏறுவேன். குளவிக் கூடு எதுனா கீதான்னு பாத்துட்டுச் சொன்ன பின்னாலதான் நீ.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம் வற்றிய இடத்தில் தோல் இன்னும் கறுத்திருந்தது.

“சரி” என்றாள். அப்புறம், “பாப்பா எழுந்திருப்பா, ஒரு போன் போட்டுக் குடுங்க” என்று கையை நீட்டினாள்.